கற்கண்டும் உறைமோரும்

எனக்கு அப்போது பத்து வயது. முழுப்பரீட்சை லீவுக்கு மேலூர் பக்கத்தில் இருக்கும் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் ஆட்கள் வந்துவிட, பானையில் இருந்த தயிரும் மோரும் வழித்துத் துடைத்ததுபோலத் தீர்ந்துபோனது. ராத்திரி பாலைக் காய்ச்சி ஆறவைத்த பிறகுதான், உறை ஊற்ற ஒரு கரண்டி மோர்கூட இல்லை என்பது அம்மாச்சிக்கு நினைவு வந்தது.

“பக்கத்து வீட்ல வாங்கிட்டு வரட்டா அம்மாச்சி?”

“வெளக்கு வச்சதுக்கப்பறம் மோரு கேக்கக் கூடாதுடி. கேட்டாலும் குடுக்க மாட்டாக.”

வரமிளகாய் டப்பாவைத் திறந்து பத்துப் பன்னிரண்டு மிளகாயின் காம்புகளை மட்டும் கிள்ளினார். வெதுவெதுப்பாக இருந்த பாலில் அவற்றைப் போட்டு, தட்டால் மூடி, அடுப்பு ஓரத்தில் வைத்தார். காலையில் பார்த்தால் தயிர். வழக்கமான கெட்டி இல்லை, லேசாக மிளகாய் வாடை வேறு. ஆனால் தயிர்தான்.

“மோரே ஊத்தாம எப்படி அம்மாச்சி தயிராச்சு?”

“காம்புல இருக்குடி.”

என்ன இருக்கிறது என்று அம்மாச்சி சொல்லவில்லை. அந்தக் காம்புகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, ஒரு கரண்டித் தயிரை அன்றைய ராத்திரிக்கான உறைக்குத் தனியாக எடுத்து வைத்தார்.

இப்போது நான் பதினோராம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் செல் கோட்பாடு வரும். உயிரினங்கள் எல்லாம் செல்களால் ஆனவை. உயிரின் அமைப்புக்கும் செயலுக்கும் அடிப்படை அலகு செல். எல்லாச் செல்களும் ஏற்கெனவே இருந்த செல்களிலிருந்தே தோன்றுகின்றன. பிள்ளைகள் மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். விடைத்தாளில் ஷ்லைடன், ஷ்வான், விர்ஷோ என்ற மூன்று பெயரும் ஆண்டுகளும் சரியாக இருந்தால் மார்க்கும் போட்டுவிடுவோம்.

முதல் இரண்டு வரிகளிலும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மூன்றாவது வரியைச் சொல்லும்போதுதான், இத்தனை வருடம் ஆன பிறகும், கையில் சாக்பீஸோடு ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன். இந்தக் கட்டுரை அந்த ஒரு வரிக்காகத்தான்.

கதையை எல்லோரும் ராபர்ட் ஹூக்கிடமிருந்து தொடங்குவார்கள். லண்டனில் 1665இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில், தக்கையைப் பேனாக்கத்தியால் மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததை எழுதுகிறார். தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள். ஒரு கன அங்குலத் தக்கையில் எத்தனை அறை இருக்கும் என்று கணக்கும் போட்டார்: 125 கோடியே 97 லட்சத்து 12 ஆயிரம். அறை என்ற பொருளில் செல் என்று பெயர் வைத்தார். பச்சைச் செடிகளில் சாறு நிரம்பிய அறைகளையும் அவர் பார்த்தார். ஆனாலும் காலி அறைக்கு வைத்த பெயரே நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் நாம் அப்படியே செல் என்கிறோம். இலங்கைப் பாடப்புத்தகத்தில் கலம் என்பார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். கலம் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று காது கேட்ட மாத்திரத்திலேயே தெரிகிறது. கடல் கடக்கும் கலமும் அதே சொல்தான்.

உள்ளே இருந்ததை அல்ல, தனியாக உயிரோடு திரிந்ததைப் பார்த்தவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஊரில் இருந்த ஜவுளி வியாபாரி ஆன்டனி வான் லீவன்ஹூக். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஆசைப்பட்டார் அவர். மிளகுக்கு முள் மாதிரி ஏதாவது இருந்து நாக்கைக் குத்துகிறதோ என்று பார்க்க, மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு வாரக்கணக்கில் விட்டுவிட்டார். 1676இல் அந்த ஊறல் தண்ணீரின் ஒரு துளியைத் தான் தேய்த்துச் செய்த லென்ஸில் பார்த்தபோது, அதில் எண்ணிலடங்காத குட்டி உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. பாக்டீரியாவை மனிதக் கண் பார்த்த முதல் சந்தர்ப்பங்களில் ஒன்று இது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கொடியில் காய்க்கும் மிளகை ஊறவைத்த தண்ணீரில்! லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியில் பலர் நம்பவில்லை. அடுத்த வருடம் நவம்பரில் ஹூக்கே மிளகுத் தண்ணீர் ஊறவைத்து, உறுப்பினர்களைக் கண்ணால் பார்க்க வைத்த பிறகுதான் நம்பினார்கள். இதை வகுப்பில் சொல்லும்போது பின் பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

அதன்பின் நூற்றைம்பது வருடத்தைத் தாண்டிவிடலாம். லென்ஸ்கள் மேம்பட்டன. 1831இல் ராபர்ட் பிரௌன், ஆர்க்கிட் இலைச் செல்களில் ஒரு வட்டமான பொருளைக் கண்டு நியூக்ளியஸ் என்று பெயரிட்டார்.

1837 அக்டோபரில் பெர்லினில் இரண்டு பேர் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒருவர் ஷ்லைடன். வக்கீலாக இருந்தவர். மனம் உடைந்து நெற்றியில் சுட்டுக்கொண்டு, பிழைத்து, பிறகு தாவரவியலுக்கு வந்தவர். இன்னொருவர் ஷ்வான், விலங்குகளை ஆராய்ந்தவர். செடியின் செல் உருவாவதில் நியூக்ளியஸுக்குப் பெரிய பங்கு உண்டு என்று ஷ்லைடன் சொல்ல, தவளைக்குஞ்சின் முதுகுநாணில் அதே மாதிரி ஒன்றைத் தானும் பார்த்திருப்பது ஷ்வானுக்கு நினைவு வந்தது. நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். செடி, விலங்கு இரண்டின் உடம்பும் ஒரே பொருளால் கட்டப்பட்டது என்ற பேருண்மை அங்கே பிறந்தது. ஷ்லைடன் 1838இலும் ஷ்வான் 1839இலும் வெளியிட்டார்கள்.

இதுவரை பாடப்புத்தகத்தில் இருக்கும். செல் எப்படிப் பிறக்கிறது என்பதில் இரண்டு பேருமே தவறினார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

பனங்கற்கண்டு எப்படிச் செய்வார்கள் என்று தெரியும்தானே? பதநீரைப் பாகாகக் காய்ச்சி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, வாரக்கணக்கில் ஆட்டாமல் அசைக்காமல் வைப்பார்கள். பாகிலிருந்து கற்கண்டு நூலைப் பிடித்துக்கொண்டு தானாக வளரும். செல் பிறப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான் என்று அவர்கள் நினைத்தார்கள். ஒரு திரவத்தில் சின்னத் துகள்கள் கூடி நியூக்ளியஸ் ஆகிறது, அதைச் சுற்றிப் படலம் படிந்து செல் ஆகிறது. செடியில் இது பழைய செல்லுக்குள்ளேயே நடக்கிறது என்றார் ஷ்லைடன். விலங்கில் செல்களுக்கு வெளியே உள்ள திரவத்திலும் நடக்கிறது என்றார் ஷ்வான். படிகம் உருவாவதோடு அவரே ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்.

இதை முட்டாள்தனம் என்று நான் சொல்லவே மாட்டேன். உயிருக்கென்று தனியாக ஒரு மாயசக்தி வேண்டும் என்று பலர் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இல்லை, கற்கண்டை வளர்க்கும் அதே குருட்டு விதிகள்தான் செல்லையும் வளர்க்கின்றன என்று சொல்ல விரும்பினார் ஷ்வான். நோக்கம் நல்ல நோக்கம். விடைதான் தப்பு.

தப்பைத் திருத்தியவர் பெயர் ராபர்ட் ரெமாக். இன்றைக்குப் போலந்தில் இருக்கும் போஸ்னான் ஊரில் 1815இல் பிறந்த யூதர். பெர்லினில் படித்தார். யூதர்கள் பிரஷ்யப் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தக் கூடாது என்ற காலம். மதம் மாறினால் கதவு திறக்கும். ரெமாக் மாறவில்லை. அரசருக்கே மனுப் போட்டுப் போராடி, 1847இல்தான் விரிவுரை நடத்த அனுமதி வாங்கினார்.

அவர் பார்த்தது கோழிக்கருவின் ரத்தத்தை. 1841இலேயே, நடுவில் இடுப்பு சிறுத்து இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்த ரத்தச் செல்களைப் பற்றி எழுதிவிட்டார். ஒன்று இரண்டாகிறது. பாகிலிருந்து எதுவும் திரளவில்லை. ஆனால் ஒரு இடத்தில் பார்த்ததை வைத்து உலகத்துக்கே விதி சொல்ல அவர் துணியவில்லை. பத்து வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டே இருந்தார். தவளை முட்டை எடுத்த எடுப்பிலிருந்து செல் செல்லாகப் பிளந்துகொண்டே போவதைப் பின்தொடர்ந்தார். முட்டையைக் கெட்டிப்படுத்தும் மருந்துகளைப் போட்டு, பிளவின்போது படலமும் சேர்ந்தே பிரிகிறது என்று காட்டினார். 1852இல் வெளிப்படையாக எழுதினார்: செல்லுக்கு வெளியே செல் தானாகப் பிறக்கும் என்பது நம்பத்தக்கதல்ல. ஒரு செல் பிளந்துதான் இன்னொரு செல் பிறக்கிறது.

ஷ்லைடனும் ஷ்வானும் கண்டது கற்கண்டு என்றால், ரெமாக் கண்டது உறைமோர். பால் எவ்வளவு நல்ல பாலாக இருந்தாலும் போதாது. நேற்றைய தயிர் ஒரு கரண்டி விழ வேண்டும்.

மூன்று வருடம் கழித்து, 1855இல், ருடால்ஃப் விர்ஷோ அந்த லத்தீன் வாசகத்தை எழுதினார்: ஓம்னிஸ் செல்லுலா இ செல்லுலா. எல்லாச் செல்லும் செல்லிலிருந்தே. 1858இல் பெர்லினில் மருத்துவர்களுக்கு அவர் நடத்திய சொற்பொழிவுகள் புத்தகமாக வந்து உலகமெங்கும் போயின. சில வருடம் முன்புவரை விர்ஷோவும் திரவத்திலிருந்து செல் திரளும் என்று நம்பியவர்தான். ரெமாக்கின் பெயரை அவர் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை. அந்த லத்தீன் சொற்கள்கூட, 1825இலேயே பிரான்சின் ரஸ்பாய் தன் கட்டுரையின் முகப்பில் போட்டவை.

விர்ஷோவை வில்லனாக்கவும் எனக்கு மனம் வரவில்லை. 1848இல் மேல் சைலீசியாவில் டைஃபஸ் காய்ச்சல் பரவியபோது அரசாங்கம் அனுப்பிய மருத்துவர் அவர். போய்ப் பார்த்துவிட்டு, நோய்க்குக் காரணம் பட்டினியும் வறுமையும் கல்வியின்மையும் என்று அரசின் முகத்துக்கு நேரே எழுதியவர். நோய் என்பது உடம்பின் செல்களில் நடப்பது என்று மருத்துவத்தையே திருப்பிப் போட்டவரும் அவரே. அப்படிப்பட்டவர் ரெமாக்கின் பெயரை ஏன் விட்டார் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

ரெமாக் முழுப் பேராசிரியர் ஆகாமலேயே 1865இல் இறந்தார். அவர் பெயரையே கொண்ட பேரன், கணிதவியலாளர் ராபர்ட் ரெமாக், 1942இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்.

நான் ஒவ்வொரு வருடமும் ரெமாக் பெயரைப் பலகையில் எழுதுவேன். “மிஸ், இது பரீட்சைக்குக் கேப்பாங்களா?” என்று யாராவது கேட்பார்கள். கேக்க மாட்டாங்க, எழுதிக்கோங்க என்பேன்.

வெங்காய வேர்நுனியை நசுக்கிச் சாயம் ஏற்றி, செல் பிரிவதைப் பார்க்கும் செய்முறை எங்கள் பிள்ளைகளுக்கு உண்டு. நாற்பது பேருக்கு இருக்கிற மைக்ராஸ்கோப் போதாது, வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் இழுபட்டுப் போகிற நிலையில் ஒரு செல் கண்ணில் பட்டுவிட்டால், அந்தப் பிள்ளை கண்ணை எடுக்கவே எடுக்காது. பின்னால் நிற்பவள் தோளைத் தட்டினாலும் நகராது. ரெமாக்கும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, அம்மாச்சியின் மிளகாய்க் காம்புக்கு வருகிறேன். உறைமோர் இல்லாமல் தயிர் ஆனதே, அப்படியென்றால் விதி பொய்யா?

இதே கேள்விதான் பாரிஸில் லூயி பாஸ்டருக்கும் இருந்தது. கொதிக்கவைத்த சாறு கொஞ்ச நாளில் கலங்கி, உயிர்கள் மண்டிவிடுகின்றன. அவை சாற்றிலிருந்தே பிறந்தவையா, வெளியிலிருந்து வந்தவையா? பாஸ்டர் அன்னப்பறவையின் கழுத்துபோல வளைந்த குழாய் வைத்த குடுவைகளில் சாற்றைக் கொதிக்க வைத்தார். காற்று உள்ளே போகும், தூசி வளைவில் தங்கிவிடும். சாறு தெளிவாகவே இருந்தது. குடுவையைச் சாய்த்து, வளைவில் தங்கிய தூசியைச் சாறு தொடும்படி செய்தால் சில நாளில் கலங்கியது. 1860ஐ ஒட்டிய வருடங்களில் நடந்த இந்தச் சோதனைகள், தானாக உயிர் பிறக்கும் என்ற பேச்சை அடக்கின.

இதை நாங்கள் வகுப்பில் டம்ளரில் செய்து பார்த்தோம். காய்ச்சி ஆறவைத்த பால் மூன்று டம்ளர். ஒன்றில் எதுவும் இல்லை. ஒன்றில் மிளகாய்க் காம்பு. இன்னொன்றில் பத்து நிமிடம் கொதிக்கவைத்த காம்பு. மறுநாள் காலையில் கொதிக்கவைக்காத காம்பு போட்ட பால் மட்டும் இளந்தயிராக உறைந்திருந்தது. மற்ற இரண்டும் பாலாகவே இருந்தன. அதற்கடுத்த நாள் அவையும் கெட்டு நாறின. எங்கள் வகுப்பறையில் அன்னக்கழுத்துக் குடுவை இல்லை, மூடி சரியில்லாத டம்ளர்தான். ஆனால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. காம்பின்மேல், பாலைத் தயிராக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா குடியிருக்கிறது. அம்மாச்சி அன்றைக்கு உறை ஊற்றாமல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத உறையைக் கிள்ளிப் போட்டார். காம்புல இருக்குடி!

இங்கே நிறுத்தினால் பாடம் அழகாக முடியும். ஆனால் மூன்றாவது வரி உண்மை என்றால் அது நம்மைச் சும்மா விடாது. இன்றைய தயிருக்கு நேற்றைய தயிர், நேற்றையதற்கு முந்தாநாளையது. இன்றைய செல்லுக்கு நேற்றைய செல். பின்னால் போய்க்கொண்டே இருந்தால்? பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகக் கட்டிய பாறைகள் கிட்டத்தட்ட 350 கோடி ஆண்டு பழையவை. அதற்கு முன்னால் எங்கோ, உறைமோர் இல்லாத ஒரு முதல் ராத்திரி இருந்தே ஆக வேண்டும். மிளகாய்க் காம்பும் இல்லாத ராத்திரி.

அதாவது, ஷ்வானின் கற்கண்டு திரும்பி வருகிறது. இன்றைய எந்தச் செல்லுக்கும் பொருந்தாத அந்த விடை, தொடக்கத்தில் ஏதோ ஒரு வடிவத்தில் பொருந்தியிருக்க வேண்டும். உயிரில்லாத பாகிலிருந்து உயிர் திரண்டிருக்க வேண்டும். தோற்றுப்போன விடையைத் தூக்கி எறியாமல் அலமாரியில் வைத்திருக்க வேண்டும் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வது இதனால்தான்.

அப்படியென்றால் இன்றைக்கு ஏன் குளத்தில் புதிதாக உயிர் திரளவில்லை? டார்வின் 1871இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. வெதுவெதுப்பான ஒரு சின்னக் குளத்தில் அப்படி ஏதாவது உருவானாலும், இன்றைக்கு அதை ஏற்கெனவே இருக்கும் உயிர்கள் உடனே தின்று தீர்த்துவிடும் என்கிறார். பாகைத் திறந்து வைத்தால் எறும்பு விட்டுவைக்குமா?

1924இல் மாஸ்கோவில் ஓபரினும், 1929இல் இங்கிலாந்தில் ஹால்டேனும், உயிருக்கு முந்தைய கடலில் வேதிப்பொருள்கள் சேர்ந்து கெட்டிப்பட்டதைப் பற்றித் தனித்தனியே எழுதினார்கள். (ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964இல் புவனேஸ்வரத்தில் கண்மூடினார்.) 1953இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்ற மாணவர், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். ஒரு வாரத்தில் தண்ணீரின் நிறம் மாறி, அமினோ அமிலங்கள் கிடைத்தன.

இந்த வரிசையில் நான் விடாமல் சொல்லும் இன்னொரு பெயர் சிரில் பொன்னம்பெரும. இலங்கையின் காலி நகரில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, பிறகு வேதியியலுக்குப் போனார். 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லை, நாசாவில் அவருடைய குழு ஆராய்ந்து, பூமிக்கு வெளியே உருவான அமினோ அமிலங்கள் அதில் இருப்பதை 1970இல் அறிவித்தது. உயிர் எங்கிருந்து வந்தது என்று தத்துவ வகுப்பில் கேட்கும் கேள்வியைக் கல்லை உடைத்துக் கேட்டவர் அவர்.

அதே கல்லிலிருந்து டேவிட் டீமர் கொழுப்பு போன்ற பொருள்களைப் பிரித்தெடுத்துத் தண்ணீரில் விட்டார். அவை தாமாகவே கூடிச் சின்னச் சின்னப் பைகளாக மூடிக்கொண்டன. 1985இல் வந்த முடிவு இது. யாரும் செதுக்கவில்லை. தண்ணீரை விரும்பும் தலையும் வெறுக்கும் வாலும் உள்ள மூலக்கூறுகள், சோப்பு நுரையைப் போலத் தாமாக வரிசை கட்டிக்கொள்கின்றன. உண்மையாகவே கற்கண்டு வளர்வதுபோல! ஷ்வான் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் பை மட்டும் செல் ஆகாது. உள்ளே தன்னைப்போல் இன்னொன்றை எழுதிக்கொள்ளும் ஏடு வேண்டும், அந்த எழுத்தை நடத்தும் வேலையாளும் வேண்டும். ஆர்என்ஏ மூலக்கூறு ஏடாகவும் இருக்கும், வினையை நடத்தும் வேலையாளாகவும் இருக்கும் என்று கண்டதற்காக செக், ஆல்ட்மன் இருவருக்கும் 1989இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் தொடங்கியதா, நிலத்தில் காய்ந்து நனையும் குட்டைகளில் தொடங்கியதா என்ற வாதம் நடந்துகொண்டிருக்கிறது. துண்டு துண்டாக எல்லாம் கையில் இருக்கின்றன. துண்டுகளைச் சேர்த்து, தானாக நடமாடும் ஒரு செல்லை இதுவரை யாரும் ஆக்கிவிடவில்லை. பிள்ளைகளிடம் இதை மழுப்பாமல் சொல்லிவிடுவது என் வழக்கம். 2010இல் அமெரிக்காவில் கிரெய்க் வென்ட்டரின் குழு ஒரு பாக்டீரியாவின் மரபுத்தொகுதி முழுவதையும் ஆய்வுக்கூடத்தில் கட்டியது. சுமார் 10 லட்சம் எழுத்து. அதைச் செயல்பட வைக்க, அவர்களும் உயிருள்ள இன்னொரு பாக்டீரியச் செல்லுக்குள்தான் வைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய சமையலறையிலும் உறைமோரைப் பக்கத்து வீட்டில்தான் வாங்கினார்கள்.

இதோடு சேர்த்து லின் மார்குலிஸையும் சொல்லியாக வேண்டும். நம் செல்லுக்குள் இருந்து அதற்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா என்று அவர் எழுதிய கட்டுரையைப் பதினைந்து இதழ்கள்போலத் திருப்பி அனுப்பின. 1967இல்தான் வெளிவந்தது. மைட்டோகாண்ட்ரியாவும் மைட்டோகாண்ட்ரியா பிரிந்துதான் உண்டாகிறது. செல்லுக்குள்ளே செல்லின் அதே விதி. அது நமக்கு வருவது அம்மாவின் முட்டைச்செல் வழியாக மட்டும்.

அந்த முட்டைச்செல்லைப் பற்றி வகுப்பில் சொன்னபோது எனக்கே குரல் கம்மிவிட்டது. பெண்குழந்தை வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே அதன் முட்டைச்செல்கள் உருவாகிவிடுகின்றன, சுமார் 60, 70 லட்சம். என் அம்மா அம்மாச்சியின் வயிற்றில் இருந்தபோது, பின்னாளில் நானாக வளர்ந்த அந்த ஒரு செல்லும் அங்கேயே இருந்தது. காம்பைக் கிள்ளிய அந்தக் கைக்காரியின் வயிற்றுச் சூட்டில் நானும் சில மாதம் இருந்திருக்கிறேன்.

அம்மாச்சி போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. அன்றைக்கு உறைந்த தயிரின் தொடர்ச்சி எங்கள் வீட்டில் இல்லை. பயணம் போனபோதும், கரண்ட் இல்லாத நாட்களிலும், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மாதத்திலும் அறுந்து அறுந்து போயிற்று. பாக்கெட் தயிர் வாங்கி அதில் ஒரு கரண்டி ஊற்றிக்கொள்வோம். இன்னொரு தொடர்ச்சி மட்டும் அந்த முதல் ராத்திரியிலிருந்து எனக்கு வந்து சேரும்வரை ஒரே ஒரு தடவைகூட அறுபடவில்லை. நேற்று வகுப்பில் ஒரு பிள்ளை கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் சுரண்டி, நீலச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். “மிஸ், இது நான்தானா?” என்றாள்.